பச்சை காட்டிய மூன்று நாட்கள்

2 ஜூன் 2025, திங்கள்

சோளகக் காற்றுத் தொடங்கிவிட்டது, இனிக் கடல் கொந்தளிக்கும். காலையில் என் கணவர் ரஜீபன் வள்ளம் பிடிக்க ஊர்காவற்றுறைத் துறைக்குப் புறப்பட்டபோது படலை தானாக அடித்துக்கொண்டு நின்றது. அனலைதீவுப் பள்ளிக்கூடத்தில் அவர் கணிதம் படிப்பிக்கத் தொடங்கி ஆறு வருடம். ஒவ்வொரு சோளகத்துக்கும் எனக்கு இதே பயம்தான். அக்கரையில் இறங்கியதும் கைபேசியில் ஒரு ‘ம்’ அனுப்புவார். அது வந்தபிறகுதான் கணினியைத் திறப்பேன்.

இன்று திறந்ததும், எங்கள் கம்பனியை நடத்துகிற நிருபன் அண்ணையின் செய்தி. இந்த மாதம் முடிவதற்குள் மூன்று கிளஸ்ரர்களையும் கண்காணிப்புச் சேவையோடு இணைத்துவிட வேண்டும். ஜூலையில் லண்டனில் இருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் அங்கேயும் எங்கள் பொத்தான் போகும்.

பின்னேரம் ரஜீபன், கிளஸ்ரர் என்றால் என்ன என்று கேட்டார். இத்தனை காலத்தில் இன்றுதான் கேட்கத் தோன்றியிருக்கிறது. சொன்னேன். தனியே இருக்கிற வயதானவர்களின் கையில் நாங்கள் ஒரு பொத்தானைக் கட்டிவிடுகிறோம். விழுந்தாலோ நெஞ்சு நொந்தாலோ அதை அமத்த வேண்டியதுதான். வீட்டில் வைத்திருக்கும் சின்னப் பெட்டி அதைப் பிடித்து எங்கள் சேர்வருக்கு அனுப்பும். அங்கே ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியே ஓடுகிற ஒரு நிரல், அதைக் கொன்ரெய்னர் என்போம்: ஒன்று சமிக்ஞையை வாங்கும், ஒன்று அது யாருடையது என்று பார்க்கும், ஒன்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் தாதிக்கு அழைப்பெடுக்கும். தாதியின் குரல் பெட்டிக்குள்ளால் வரும். இந்தக் கொன்ரெய்னர்களும் அவை ஓடுகிற இயந்திரங்களும் சேர்ந்த கூட்டம்தான் கிளஸ்ரர். யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, மட்டக்களப்புக்கு ஒன்று, எங்கள் தீவுகளுக்கு ஒன்று.

“அதில ஒண்டு நிண்டுபோனால்?”

இப்போது யாராவது தொலைபேசியில் எடுத்துச் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். இனிமேல் ஒவ்வொரு இயந்திரத்திலும் ஏஜென்ற் என்ற ஒரு சிறிய நிரல் உட்கார்ந்து, உள்ளே நடப்பதை நிமிடத்துக்கு நிமிடம் கண்காணிப்புச் சேவைக்கு அனுப்பும். பிசகு வந்தால் என் கைபேசி அலறும்.

“நல்ல விசயம்தானே” என்றார்.

ஓம். நல்ல விசயம்தான். கரம்பொனில் ஒரு அறையில் இருந்துகொண்டு இருநூற்றுப் பன்னிரண்டு தீவு வீடுகளின் உயிரை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைக்க எனக்கு எப்போதும் பயம். இனி அந்தப் பயம் குறையும்.


6 ஜூன், வெள்ளி

யாழ்ப்பாணக் கிளஸ்ரர் இணைத்தாயிற்று. கணினியில் சேவை காட்டும் நிலைப் பலகையில் பச்சை வரிசை, எல்லாம் சரி என்று. எவ்வளவு அழகாக இருக்கிறது!


12 ஜூன், வியாழன்

மட்டக்களப்பும் முடிந்தது. எச்சரிக்கை விதிகள் எழுதும்போது றொமேஷும் தொலைபேசியில் இருந்தான். என்னோடு வேலை செய்கிற பொடியன், கெட்டிக்காரன். சேவை ஒரு கேள்வி கேட்கிறது: ஒரு கிளஸ்ரரில் இருந்து தகவலே வராவிட்டால் என்ன செய்ய? அபாயம் என்று எடுப்பதா, சரி என்று விடுவதா?

ஒவ்வொரு முறை இணைப்பு அறும்போதும் கைபேசி அலறினால் பிறகு அலறலை ஒருவரும் கவனிக்கமாட்டார்கள் என்றான் றொமேஷ். எனக்கும் நியாயமாகப் பட்டது. ‘சரி என்று விடு’ என்பதைத் தெரிவுசெய்தேன்.


17 ஜூன், செவ்வாய்

பத்து மணிக்கு மின்வெட்டு என்று அறிவித்திருந்தார்கள். அதற்குள் தீவுக் கிளஸ்ரரை முடித்துவிடலாமென்று அவசரப்பட்டேன். எங்களிடம் இருப்பதிலேயே பழைய இயந்திரங்கள் இவைதான். சின்னவை. ஒன்பது நாற்பத்தொன்றுக்கு ஏஜென்றை ஏற்றினேன். நினைவகம் பற்றி மஞ்சளில் ஒரு வரி வந்தது. பிறகு பார்ப்போமென்று விட்டேன். பலகையில் மூன்றாவது வரிசையும் பச்சையாயிற்று. கரண்ட் போய்விட்டது.

நிருபன் அண்ணை தொலைபேசியில் எடுத்து, பதின்மூன்று நாள் முந்தி முடித்துவிட்டீர் என்று பாராட்டினார். பின்னேரம் மூன்று மணிக்கு வரவேண்டிய ரஜீபனின் வள்ளம் இரண்டு மணித்தியாலம் பிந்திவிட்டது. துறையடியில் போய் நின்றேன். மஞ்சள் வரியை மறந்துவிட்டேன்.


18 ஜூன், புதன்

நாள் முழுக்கப் பச்சை.


19 ஜூன், வியாழன்

சுருவிலில் சீதேவி அம்மா விழுந்துவிட்டா. எழுபத்தாறு வயது. மாத்தறையில் நாற்பது வருடம் கடை வைத்திருந்த குடும்பம். புருசன் செத்தபிறகு வந்து சொந்த வீட்டில் தனியே இருக்கிறா. மகன் நிமலன் கனடாவில். இரண்டு வருடத்துக்கு முன் ஆள் பற்றாத நேரத்தில் நான்தான் ஸ்கூட்டியில் போய் அவவின் இடக் கையில் பொத்தானைக் கட்டினேன். கட்டின உடனே ஒருக்கா அமத்தச் சொன்னேன். பெட்டிக்குள்ளால் தாதியின் குரல் வந்ததும், “அட, வீட்டுக்குள்ள ஒரு பிள்ளை இருக்கு” என்று சிரித்தா.

நேற்றுக் காலை கிணற்றடியில் வழுக்கி விழுந்தவவாம். இன்று காலை எட்டு மணிக்குத்தான், ஆட்டுக்குக் குழை வெட்ட வந்த பக்கத்து வளவுக் கோசலா கண்டிருக்கிறா. இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. ஒரு முழு நாள். வெயிலிலும் பனியிலும்.

நிருபன் அண்ணை கேட்டார், பொத்தானை அமத்தினவவோ என்று. பதிவைத் திறந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. “அழுத்தம் எதுவும் பதிவாகவில்லை” என்று எழுதி அனுப்பினேன்.

ஏன் அமத்தவில்லை? கையில்தானே இருந்தது? கிணற்றடிவரை பெட்டிக்கு எட்டும், நானே நடந்து பார்த்தேனே.


20 ஜூன், வெள்ளி

நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

காலையில் தாதியோடு வேறு ஏதோ கதைக்க அழைப்பெடுத்தேன். இரண்டு மூன்று நாளாகத் தீவுப் பக்கம் ஒரு அழைப்பும் இல்லை, நல்ல அமைதி என்று சிரித்தா.

ஒரு அழைப்பும் இல்லையா?

தவறிப்போய் அமத்துகிறவர்கள் மட்டுமே நாளைக்கு நாலைந்து பேர் இருப்பார்கள். பெட்டிகள் தாங்களாகவே ஒவ்வொரு மணிக்கும் ‘இருக்கிறேன்’ என்று ஒரு சமிக்ஞை அனுப்பும். தீவுக் கிளஸ்ரரின் எண்ணிக்கையைப் பார்த்தேன். செவ்வாய் 9.41க்குப் பிறகு பூச்சியம். எல்லாமே பூச்சியம். இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டில் இருந்தும் பூச்சியம்.

பலகையில் பச்சை.

உள்ளே போய்ப் பார்த்தேன். ஏஜென்ற் அந்தப் பழைய இயந்திரங்களில் நாலு வருடமாகக் குவிந்து கிடந்த பதிவுகளையெல்லாம் வாசிக்கத் தொடங்கியிருக்கிறது. இவ்வளவு நினைவகத்துக்கு மேல் எடுக்காதே என்று ஒரு வரி போட வேண்டும். முதல் இரண்டு கிளஸ்ரருக்கும் போட்டேன். இதற்குப் போடவில்லை. அது எல்லா நினைவகத்தையும் விழுங்கி, சமிக்ஞை வாங்குகிற கொன்ரெய்னரை வெளியே தள்ளிவிட்டது. அந்தக் கொன்ரெய்னர் எழும்பி எழும்பி விழுந்திருக்கிறது, எண்ணூற்றுச் சொச்சம் தடவை. ஏஜென்றும் தானே திணறி ஒரு தகவலும் அனுப்பவில்லை. தகவல் வராவிட்டால் சரி என்று விடு — அந்த விதி என்னுடையது.

நான் காவலுக்கு வைத்ததுதான் கழுத்தைப் பிடித்திருக்கிறது.

பத்தே காலுக்கு ஏஜென்றை நிறுத்தினேன். ஒரு நிமிடத்தில் பெட்டிகள் ஒவ்வொன்றாக ‘இருக்கிறேன், இருக்கிறேன்’ என்று வரத் தொடங்கின. இருநூற்றுப் பதினொன்று வந்தன. சீதேவி அம்மாவின் பெட்டி வரவில்லை. கோசலா வீட்டைப் பூட்டும்போது மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறா.

அவ அமத்தியிருந்தால்? வாங்குவதற்கு இங்கே ஆளில்லை. “பதிவாகவில்லை” என்று எழுதினேனே. அது உண்மைதான். அந்த உண்மைதான் என்னைப் பயப்படுத்துகிறது.

நானும் றொமேஷும் இருநூற்றுப் பதினொரு பேருக்கும் அழைப்பெடுத்தோம். சும்மா பரிசோதனை அழைப்பு என்று சொன்னோம். நெடுந்தீவில் ஒருவர், செவ்வாய்க்கிழமை மூச்சு முட்டி இரண்டு தரம் அமத்தியும் ஒருவரும் எடுக்கவில்லை, பக்கத்து வீட்டார்தான் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றார். “நீங்கள் வேலையாக்கும் எண்டு நினைச்சன் மோனை” என்றார். நயினாதீவில் ஒருவர் மட்டும் எடுக்கவே இல்லை. ஒரு மணித்தியாலம் திரும்பத் திரும்ப அழைத்தேன். அந்த ஒரு மணித்தியாலத்தில் அவரைக் குசினியில், கிணற்றடியில், கட்டிலுக்குக் கீழே என்று எல்லா இடத்திலும் விழுத்திப் பார்த்துவிட்டேன். கோயிலுக்குப் போனவர், கைபேசியை வீட்டில் விட்டுவிட்டாராம்.

நிருபன் அண்ணைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார்:

“இப்ப இதைச் சொன்னால் எல்லாரும் பொத்தானைக் கழற்றி எறிவினம். நாளைக்கு அதில ஒருத்தர் விழுந்தால் ஆர் பிடிக்கிறது, நிலாந்தி? கொஞ்சம் பொறும். நான் பக்குவமாச் சொல்லுறன்.”

ஓமென்றேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்ததால் அல்ல. பயத்தில்.


21 ஜூன், சனி

விளக்கம் கேட்ட நிமலனுக்குக் கம்பனி அனுப்பிய கடிதம் எனக்கும் பிரதி வந்தது. என் வரி அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே நிருபன் அண்ணை ஒரு வரி சேர்த்திருக்கிறார்: பாவிப்பவர் பொத்தானை அமத்த மறந்திருக்கக்கூடும்.


24 ஜூன், செவ்வாய்

ஆசுபத்திரிக்குப் போனேன். போகாமல் இருக்க ஏலாமல் போனேன். பண்ணைப் பாலத்தில் பஸ் வேகம் குறைந்தபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தேன்.

சீதேவி அம்மா சத்திரசிகிச்சை முடிந்து காலை நீட்டிக் கிடந்தா. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டா.

“அமத்தினனான் பிள்ளை” என்றா, நான் ஒன்றும் கேட்காமலே. “பெட்டிக்குள்ளால அந்தப் பிள்ளையின்ர குரல் வருமெண்டு காதைக் குடுத்துக்கொண்டு கிடந்தனான்.”

நான் கட்டிலடிக் கதிரையில் உட்கார்ந்தேன்.

“நிமலன் சொல்லுறான், நான் அமத்தேல்லையாம். கொம்பனி எழுதித் தந்திருக்காம். எனக்கு மறதி வந்திட்டுதாம். ஒருவேளை அமத்துறமாதிரி நினைச்சுக்கொண்டு சும்மா கிடந்திட்டனோ? இப்ப எனக்கே தெரியேல்லை.” பிறகு என் முகத்தைப் பார்த்தா. “நீர் கொம்பனிப் பிள்ளைதானே. உமக்குத் தெரியுமே?”

“பாத்துச் சொல்லுறம் அம்மா” என்றேன்.

அவவின் வலக் கைப் பெருவிரலை, பொத்தானை அமத்துகிற விரலைப் பார்த்தேன். நகத்தடி கறுத்திருந்தது. இரத்தம் கண்டின கறுப்பு. விழும்போது நசுங்கியிருக்கும் என்று பக்கத்துக் கட்டில்காரி சொன்னா.

நசுங்கவில்லை. எனக்குத் தெரியும்.

வெளியே வந்து விறாந்தையில் நிமலனோடு கதைத்தேன். அவர்தான் வட்ஸ்அப்பில் எடுத்தார். நல்ல மனிதர். களைத்த குரல். யாழ்ப்பாணத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டாராம். கையில் இருக்கிற பொத்தானையே அமத்த மறக்கிற ஆளை இனி எப்படித் தனியே விடுவது என்று கேட்டார். ஜூலை பத்தாம் திகதி ஆசுபத்திரியிலிருந்து நேரே அங்கே. சுருவில் வீட்டைப் பூட்டிவிடுவார்கள். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லையாம்.

“அக்கா, நீங்கள் எல்லாம் இவ்வளவு உதவி செய்யிறியள், பெரிய நன்றி” என்றார்.


25 ஜூன், புதன்

இப்ப சொல்லாட்டி எப்ப சொல்லுறது? சொன்னால் என்ன நடக்கும்? பொலிசா? கோட்டில வழக்கா? தீவில் இருந்துகொண்டு இந்த வேலை இன்னொருக்காக் கிடைக்குமா? ரஜீபன்ர முகத்தில என்னெண்டு முழிக்கிறது? சனம் என்ன சொல்லும் — கிழவியை ஒரு நாள் முழுக்கக் கிணத்தடியில போட்டவள் எண்டு.

ஆனால் அதுதானே நடந்தது.


28 ஜூன், சனி

கைபேசி அடித்தால் நெஞ்சு அடிக்கிறது. அடிக்காவிட்டாலும் அடிக்கிறது. பலகையை ஐந்து நிமிடத்துக்கு ஒருக்காத் திறந்து பார்க்கிறேன். பச்சையைக் கண்டாலும் நம்பிக்கை வரவில்லை. உள்ளே போய் ஒவ்வொரு பெட்டியின் கடைசிச் சமிக்ஞையையும் எண்ணினால்தான் மூச்சு விட முடிகிறது. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தரம் எண்ணுகிறேன்.

மத்தியானம் சோறு போட்டுவிட்டு உட்கார்ந்தவள் அழத் தொடங்கிவிட்டேன். ரஜீபனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் கதிரையைப் போட்டுக்கொண்டு, கடைசிவரை கேட்டார்.

“நீர் எதுக்குப் பயப்பிடுறீர்?” என்றார். “வேலை போறதுக்கோ, இல்லாட்டி அந்த மனிசி உம்மைப் பாக்கப்போற பார்வைக்கோ?”

இரண்டுக்கும்தான். ஆனால் அவர் கேட்டபிறகு முதலாவது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது.


30 ஜூன், திங்கள்

சுருவிலுக்குப் போனேன்.

பெட்டிக்குள் நினைவகம் இருக்கிறது. கிளஸ்ரர் வாங்காவிட்டாலும், பொத்தானை அமத்திய ஒவ்வொரு நேரத்தையும் பெட்டி குறித்து வைத்திருக்கும். பத்து நாளாக எனக்கு இது தெரியும். பத்து நாளாக அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. பெட்டியில் ஒன்றும் இல்லாவிட்டால், அவ உண்மையிலேயே மறந்திருந்தால், நான் தப்பிவிடுவேன். கடவுளே, ஸ்கூட்டியில் போகும்போது அப்படித்தான் இருக்கவேண்டுமென்று கும்பிட்டுக்கொண்டு போனேன். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கோசலாவிடம்தான் வீட்டுத் திறப்பு. கதவைத் திறந்து மெயின் சுவிச்சைப் போட்டா. அலுமாரிக்கு மேலே பெட்டியின் சின்ன விளக்கு எரிந்தது. கணினியை இணைத்தேன்.

அறுபத்துமூன்று.

முதலாவது புதன்கிழமை காலை 9.52. அடுத்தது 9.53. பிறகு 9.53க்கே இரண்டு தரம். பதினொரு மணிவரை மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒன்று. பன்னிரண்டில் இருந்து இரண்டேகால்வரை ஒன்றுமில்லை; உச்சி வெயில், மயங்கியிருப்பா. 2.17. 2.20. பொழுதுபட்டபிறகு மணிக்கு ஒன்று, இரண்டு. கடைசி, வியாழன் விடிய 5.36. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. விட்டுவிட்டா.

ஒவ்வொரு அமத்தலுக்கும் பெட்டி பத்துத் தரம் எங்களைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறது.

நான் நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். கோசலா தண்ணீர் கொண்டுவந்து தந்து, என்ன என்று கேட்டா. வெளி ஆட்களில் முதலில் அவவிடம்தான் சொன்னேன். பிழை எங்கள் பக்கம், என் கையால் வந்தது, சீதேவி அம்மா அமத்தியிருக்கிறா என்று.

கோசலா சுவரோடு சாய்ந்து நின்றா. பிறகு சொன்னா:

“புதன்கிழமை பின்னேரம் ஆரோ கூப்பிடுறமாதிரி ஒரு சத்தம் கேட்டது. காத்துக்கு வேலித் தகரம் அடிக்குதெண்டு நினைச்சுப்போட்டு இருந்திட்டன். ஒருதருக்கும் சொல்லேல்லை.”

வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேருமாகப் படலைவரை நடந்தோம்.


1 ஜூலை, செவ்வாய்

அறுபத்துமூன்று நேரங்களையும் எழுதி நிருபன் அண்ணைக்கு அனுப்பினேன். நாளை சீதேவி அம்மாவிடமும் நிமலனிடமும் சொல்லப்போகிறேன் என்றும் எழுதினேன்.

உடனே எடுத்தார். சட்டத்தரணியோடு கதைக்கும்வரை இரண்டு நாள் பொறுக்கச் சொன்னார். லண்டன் ஆட்கள் வியாழக்கிழமை வருகிறார்கள் என்றார். பதினெட்டுப் பேர் இந்தக் கம்பனியை நம்பிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்றார். எல்லாம் உண்மை. நான் மெதுவாகச் சொன்னேன்:

“அண்ணை, அவவை வாற கிழமை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோகப் போகினம். மறதிக்காரி எண்டு. நாங்கள் எழுதின கடிதத்தைக் காட்டித்தான்.”

அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. “நான் திருப்பி எடுக்கிறன்” என்று வைத்தார். எடுக்கவில்லை.

றொமேஷ் பின்னேரம் எடுத்து, அந்த விதியைச் சொன்னது நான்தான் அக்கா, என்ர பேரையும் போடுங்கோ என்றான். சொன்னது அவன், தெரிவுசெய்தது நான். அப்படித்தான் சொன்னேன்.


2 ஜூலை, புதன்

சொல்லிவிட்டேன்.

ஆசுபத்திரியில் சீதேவி அம்மா கட்டிலில் நிமிர்ந்து இருந்தா. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, பாடமாக்கியதுபோலச் சொன்னேன். பொத்தானில் பிழையில்லை, உங்களிலும் பிழையில்லை, எங்கள் பக்கம் வாங்குகிற இடம் மூன்று நாள் நின்றுபோயிருந்தது, அது என் வேலையால் வந்தது, பன்னிரண்டு நாளாக எனக்குத் தெரியும்.

“எத்தினை தரம்?” என்றா.

“அறுபத்துமூண்டு, அம்மா.”

கண்ணை மூடினா. உதடு அசைந்தது, எண்ணுகிறவபோல. பிறகு திறந்தா.

“அப்ப நான் விசரி இல்லை.”

“இல்லை அம்மா.”

“போன கிழமை நீர் இதே கதிரையில இருந்தனீர். அப்பவும் தெரியும் உமக்கு.”

“ஓம்.”

யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டா. “நீர் இப்ப போம்” என்றா. சத்தம் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

விறாந்தையில் நின்று நிமலனுக்கு எடுத்தேன். அங்கே விடிகிற நேரம். முழுவதையும் கேட்டார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். இணைப்பு அறுந்துவிட்டதோ என்று இரண்டு தரம் கைபேசியைப் பார்த்தேன்.

“அம்மா எனக்குப் பத்துத் தரம் சொன்னவ, தான் அமத்தினதெண்டு” என்றார் கடைசியில். “நான் உங்கட கடிதத்தைத்தான் நம்பினனான்.”

வைத்துவிட்டார்.


3 ஜூலை, வியாழன்

ஒருவரும் எடுக்கவில்லை. அழைப்புக்காகக் காத்திருக்கிறேன். வேலை போய்விட்டதா என்றுகூடத் தெரியவில்லை. கணினியில் உள்ளே போக முடிகிறது. பெட்டிகளை எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு. சீதேவி அம்மாவின் பெட்டியை நான் அன்று திரும்ப நிறுத்தவில்லை.


11 ஜூலை, வெள்ளி

எல்லாக் குடும்பங்களுக்கும் கடிதம் போயிற்று. நிருபன் அண்ணையே எழுதினார். ஜூன் பதினேழு காலையிலிருந்து இருபது காலைவரை தீவுகளில் எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை என்றும், சுருவிலில் ஒருவர் பல தரம் அமத்தியும் நாங்கள் வரவில்லை என்றும், அவர் மறந்ததாக முன்பு எழுதியது பொய் என்றும். ‘பொய்’ என்ற சொல்லையே போட்டிருக்கிறார். என் பெயர் அதில் இல்லை. போடச் சொன்னேன். கம்பனியின் கடிதத்துக்குக் கம்பனிதான் பொறுப்பு என்றார்.

லண்டன் ஆட்களிடமும் சொன்னாராம். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். முப்பத்தெட்டு வீட்டார் பொத்தானைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் பயந்தது சரிதான். அந்த முப்பத்தெட்டுப் பேரையும் நினைத்தால் எனக்கு இன்னும் பயம். மூன்று பேருக்கு நானே எடுத்தேன். இரண்டு பேர் பேசவில்லை. ஒருவர் பேசினார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நிருபன் அண்ணை என்னை வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. “உடைச்ச ஆளே திருத்தும்” என்றார். அது மன்னிப்பு இல்லை. அதுவே போதும்.

முதியோர் இல்லத்து இடத்தை நிமலன் நேற்று வேண்டாம் என்றுவிட்டாராம். கோசலா சொன்னா.


29 ஜூலை, செவ்வாய்

தீவுக் கிளஸ்ரரைத் திரும்ப இணைத்தேன். புதிய இயந்திரங்கள். ஏஜென்றுக்கு எல்லை போட்டு, முதலில் ஒரு இயந்திரத்தில் மட்டும் ஏற்றி, இரண்டு நாள் பக்கத்தில் இருந்து பார்த்தபிறகுதான் மற்றவற்றில் ஏற்றினேன். தகவல் வராவிட்டால் அதுதான் இனிப் பெரிய அலறல். கரண்ட் போனாலும் அலறும். அலறட்டும். முதல் நாளே ஆறு தரம் அலறியது. ஆறு தரமும் எழும்பி ஓடினேன். றொமேஷும் ஓடினான்.

பயம் போகவில்லை. முன்பு பயந்தபடியே சும்மா இருந்தேன். இப்போது எழும்பிப் போய்ப் பார்க்கிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.


14 ஓகஸ்ட், வியாழன்

சீதேவி அம்மா வீட்டுக்கு வந்து ஐந்து நாள். நாலு கால் வைத்த ஊன்றுகோலோடு நடக்கிறா. கோசலா இராப்படுக்கைக்கு அங்கே போகிறா. ஒருவரும் கேட்காமல் தானாகத்தான் போகத் தொடங்கினா. கிணற்றடிக்குச் சீமெந்து போட்டுச் சொரசொரப்பாக்கிவிட்டார்கள்.

இன்று கோசலா எடுத்து, அம்மா புதுப் பொத்தான் ஒன்றைக் கொண்டுவரச் சொல்கிறா, பழையதை ஆசுபத்திரியில் கழற்றிவிட்டார்களாம் என்றா. என்னைத்தான் வரச் சொன்னாவா என்று கேட்டேன். “ஆரையெண்டு சொல்லேல்லை. வரட்டாம்.”

போனேன். கையை நீட்டினா. கட்டினேன். தேத்தண்ணி குடிக்கச் சொல்லவில்லை. நான் படலையடிக்கு வந்தபோது, அமத்தினால் முதலில் யாருக்குப் போகும் என்று கேட்டா. தாதிக்கு என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “உமக்கும் வாறமாதிரிச் செய்யும்” என்றா.


18 ஓகஸ்ட், திங்கள்

காலை 10.08க்குக் கைபேசி அலறியது. சுருவில், சீதேவி. எழும்பின வேகத்தில் கதிரை விழுந்தது. தாதிக்கு முந்தி நான்தான் எடுத்தேன். என்ன கேட்டேன் என்று ஞாபகமில்லை, கத்தியிருப்பேன்.

அந்தப் பக்கம் ஊன்றுகோலின் சத்தம் மட்டும்.

“ஒண்டுமில்லை” என்றா. “கேக்குதோ எண்டு பாத்தனான்.”

“கேக்குது அம்மா.”

“நாளைக்கும் அமத்துவன்.”

“அமத்துங்கோ” என்றேன்.